பாடிய வாயே கேட்கட்டும்
(நாயக வழிபாடும் சமூகத்தின் தன்விமர்சனமும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாயக வழிபாடு. தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசுவது எளிதும் கடினமும் ஆகும். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்பவனைப் பார்த்து நாலு வார்த்தை ஏசிவிட்டுக் கைதட்டல் வாங்கிப் போய்விடலாம் என்பதால் எளிது. அவனோடு சேர்த்து நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் கடினம். நான் இரண்டாவது வழியில் போகவே விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரை நேசிப்பதிலும் அவர் திறமையைக் கண்டு வியப்பதிலும் குற்றம் இல்லை. வியந்த பிறகு அவரைக் கேள்வி கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுக்கிறோமே, அங்கேதான் தவறு தொடங்குகிறது. தலைவரைக் கேட்காத சமூகம் மெல்ல மெல்லத் தன்னையும் கேட்டுக்கொள்வதில்லை. மனமாரப் புகழ்ந்தவரே குறையையும் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு அவரை விடத் தகுதி உள்ளவர் வேறு யாரும் இல்லை.

பேகனிடம் நான்கு புலவர்கள்

இது நமக்குப் புதிய பாடம் அன்று. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வையாவிக் கோப்பெரும் பேகனை நாம் எல்லோரும் அறிவோம். மயிலுக்குக் குளிருமே என்று போர்வை தந்தவன். இந்த ஒரு செய்தியைப் பள்ளியில் படித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள ஐந்து பாடல்கள் அதே பேகனைப் பற்றி வேறொரு செய்தியைச் சொல்கின்றன. அவன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியிடம் போய்விட்டான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு பெரும்புலவர்கள் அவன் முன் நின்று அதைக் கேட்கிறார்கள்.

கேட்ட விதத்தைப் பாருங்கள். கபிலர் அவன் மலையைப் பாடிப் போன இடத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், யார் அவள் என்று அவனிடமே கேட்கிறார். பரணர் இன்னும் நேராகப் பேசுகிறார். எனக்குப் பசி இல்லை, என்னை நம்பிச் சுற்றமும் காத்திருக்கவில்லை, நான் கேட்கும் பரிசில் இதுதான்: இன்று இரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்த்து வை என்கிறார். அரிசில் கிழாருக்கு நகையும் செல்வமும் வேண்டாம், அவன் தேரில் குதிரை பூட்டினால் போதும்.

நான்கு பேரும் அவனிடம் பரிசில் பெறக்கூடிய நிலையில் இருந்தவர்கள். நமக்கு எதற்கு வம்பு, வீட்டு விவகாரம் என்று ஒதுங்கியிருக்கலாம். மயிலுக்குப் போர்வை தந்தவன்மேல் குறை சொல்லலாமா என்று ஒருவரை ஒருவர் அடக்கியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. போர்வை தந்ததைப் புகழ்ந்த தமிழ், மனைவியை அழவிட்டதையும் பதிவு செய்தது. தொகுத்தவர்களும் இந்த ஐந்து பாடல்களை ஒதுக்கிவிடவில்லை. ஆகவே விமர்சனம் இறக்குமதிச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று யாராவது சொன்னால் இந்த ஐந்து பாடல்களை எடுத்துக் காட்டுங்கள்.

கடைசி வரிசைப் படம்

இனி நம் காலத்துக்கு வருவோம். ஒரு பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளுக்கு முந்தைய மாலை, ஏதாவது ஒரு சிற்றூர்த் திரையரங்கின் முன்னால் நின்று அங்கே கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பலகையைக் கவனியுங்கள். நடுவில் ஆளுயரத்துக்கும் மேலாக நடிகர். அவருக்குப் பக்கத்தில் மாவட்டத் தலைவர் கைகூப்பி நிற்பார். அடுத்து நகரச் செயலாளர். அதற்குக் கீழே கிளை மன்றப் பொறுப்பாளர்கள். கடைசி வரிசையில் பாஸ்போர்ட் அளவில் பத்துப் பதினைந்து முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர். அந்தக் கடைசி வரிசைக்காகத்தான் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒரு வாரக் கூலியை மன்றத்துக்குக் கொடுத்திருப்பான். பலகை ஏறியதும் அவன் முதலில் தேடுவது தன் படத்தைத்தான்.

இந்தப் பையனைப் புரிந்துகொள்ளாமல் நாயக வழிபாட்டைப் பற்றிப் பேசுவது வீண். சாரா டிக்கி என்ற மானிடவியல் ஆய்வாளர் மதுரையில் தங்கி, நகர்ப்புற ஏழைகளின் வாழ்வில் சினிமாவுக்கு என்ன இடம் என்று ஆராய்ந்து 1993இல் நூலாக வெளியிட்டார். ரசிகர் மன்றங்களை அவர் பைத்தியக்காரத்தனமாகப் பார்க்கவில்லை. ஏழை இளைஞர்கள் தங்கள் தெருவில் நாலு பேர் மதிக்கும் ஆளாக நிற்க மன்றம் எப்படி உதவுகிறது என்பதைக் கவனித்து எழுதினார். நிலம் இல்லை, பட்டம் இல்லை, ஊர்க் கூட்டத்தில் பேசும் உரிமை இல்லை என்று வளர்ந்தவனுக்கு மன்றம் ஒரு பொறுப்பைத் தருகிறது, பெயரைத் தருகிறது. ரத்ததானம் செய்ய முன்னிற்கவும், வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலம் சுமக்கவும் ஒரு காரணத்தைத் தருகிறது. பள்ளியும் வேலையிடமும் ஊரும் அவனுக்கு மறுத்த மரியாதையை ஒரு நடிகரின் பெயர் தருகிறது என்றால், நம் விமர்சனம் முதலில் பள்ளியையும் வேலையிடத்தையும் ஊரையும் நோக்கித்தான் போக வேண்டும். அவனைக் கேலி செய்துவிட்டு நகர்வது விமர்சனம் ஆகாது.

சத்துணவும் சாராயமும்

அதற்காக வழிபாட்டுக்கு விலை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த விலையைக் கூர்ந்து எழுதியவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தையும் ஆட்சியையும் பற்றி 1992இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், யார் அவரை அதிகமாக நேசித்தார்களோ அந்த ஏழைகளுக்கு அவர் ஆட்சியின் பொருளாதாரக் கொள்கையால் கிடைத்தது என்ன என்று கேட்டது.

சில செய்திகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1981இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டுக் கள், சாராயக் கடைகள் மீண்டும் திறந்தன. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கியது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. சத்துணவு உண்மையான சாதனை. இலட்சக்கணக்கான பிள்ளைகளின் வயிற்றையும் படிப்பையும் காப்பாற்றிய திட்டம் அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதே ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் கூலி எந்தக் கடையில் போய்ச் சேர்ந்தது என்பதும் உண்மைதான். மகனுக்கு மதியச் சோறு போட்ட அரசே தகப்பனின் குடிப்பழக்கத்திலிருந்து வருமானம் எடுத்தது. இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் எம்.ஜி.ஆர். படத்தைப் பூசையறையில் வைத்திருந்த தாய்மார்கள். அவர்களால் கேட்க முடியவில்லை. கேட்டால் நன்றி கெட்டவள் என்ற பேர் வந்துவிடும். நன்றியையும் கேள்வியையும் எதிரிகளாக ஆக்கிவைத்ததுதான் வழிபாடு நமக்குச் செய்த பெருந்தீங்கு.

1984இல் எம்.ஜி.ஆர். நோயுற்று நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றார். ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்கு வரவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்று தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அன்பின் ஆழத்தை நான் மறுக்கவில்லை. அந்த ஆழத்தில் ஒரு குடிமகன் முழுகிப் போகிறான் என்பதைத்தான் சொல்கிறேன். தலைவர் நலமடைந்தால் போதும் என்று நினைக்கும் நாளில், தன் ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியர் வந்தாரா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க யாரும் மிஞ்சுவதில்லை.

கோயிலிலிருந்து நீதிமன்றத்துக்கு

வழிபாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. நடிகை குஷ்புவுக்கு ரசிகர்கள் கோயில் கட்டியதாக ஊரெல்லாம் பேசிய காலம் ஒன்று இருந்தது. 2005இல் பாலியல் நலம் பற்றி ஓர் ஆங்கில இதழுக்கு அவர் ஒரு கருத்தைச் சொன்னார். தமிழகமெங்கும் ஆர்ப்பாட்டம், அடுக்கடுக்காக வழக்குகள். அவர்மேல் இருந்த 23 வழக்குகளையும் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அவர் அலைய வேண்டியிருந்தது. அவர் சொன்ன கருத்து சரியா தவறா என்பதை இங்கே நான் விவாதிக்கவில்லை. தெய்வமாக உயர்த்தியவளை மனுஷியாகப் பேச அனுமதிக்காத மனநிலையைத்தான் சுட்டுகிறேன். தெய்வம் நாம் எதிர்பார்த்ததை மட்டும் பேச வேண்டும். ஒரு வாக்கியம் மாறினால் சூடத்தட்டு ஏந்திய கையே கல்லையும் எடுக்கும்.

மறுத்துப் பேசும் பழக்கம் உள்ள சமூகம் அவரோடு வாதாடியிருக்கும். வழிபட்டுப் பழகிய சமூகத்துக்கு வாதாடத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்தவை தொழுவதும் தூற்றுவதும் மட்டுமே. நம்முடைய பொது விவாதங்கள் பலவற்றில் நடுவழி என்ற ஒன்றே காணாமல் போனதற்கு வேர் இங்கே இருக்கிறது.

கூட்டத்தில் போன உயிர்கள்

2024 டிசம்பரில் ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு தாய் இறந்தார். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வெளியே, 18 ஆண்டு காத்திருந்து பெங்களூரு அணி வென்ற ஐபிஎல் கோப்பையைக் கொண்டாடப் போன கூட்டத்தில் 11 பேர் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில், திரையிலிருந்து அரசியலுக்கு வந்த ஒரு தலைவரைக் காணப் பகலிலிருந்து காத்திருந்தவர்களில் 41 பேர் இரவில் உயிரோடு வீடு திரும்பவில்லை. குழந்தைகளும் அதில் உண்டு. யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். அந்தத் தீர்ப்பை நான் எழுதப் போவதில்லை.

ஆனால் அடுத்த நாள் நாம் எப்படிப் பேசினோம் என்பதை நாம் அறிவோம். ஒரு பக்கம் சதி என்றது. மறுபக்கம் முட்டாள் கூட்டம் என்றது. செத்தவர்களுக்கு இரண்டுமே அவமானம். அந்த இடத்தில் எத்தனை பேர் நிற்கலாம், குடிதண்ணீர் எங்கே வைத்தார்கள், ஆம்புலன்ஸ் நுழைய வழி விட்டார்களா, கைக்குழந்தையோடு வந்தவர்களை எங்கே நிறுத்தினார்கள், அறிவித்த நேரத்துக்கும் கூட்டம் தொடங்கிய நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். இவற்றை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும், எந்தத் தேர்த் திருவிழாவுக்கும், எந்தத் திரைவிழாவுக்கும் கேட்கலாம். ஆக்கபூர்வமான விமர்சனம் என்று நான் சொல்வது இதைத்தான். ஆத்திரம் ஆறியபின்னும் அது மிஞ்சும், அடுத்த கூட்டத்தில் ஓர் உயிரையாவது காக்கும்.

அம்பேத்கர் பிரித்துக் காட்டியது

1943 ஜனவரியில் புனேயில் சமூகச் சீர்திருத்தவாதி ரானடேயின் பிறந்தநாள் விழாவில் பேச அம்பேத்கர் அழைக்கப்பட்டார். பாராட்டுரைதான் வழக்கம். அவரோ அந்த மேடையிலேயே நாயக வழிபாட்டை ஆராய்ந்தார். ஒரு பெரியவரை அளவின்றி வியப்பது வேறு, அவர் சொன்னதற்கெல்லாம் கட்டுப்படுவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். முன்னது மனிதனுக்கு இயல்பு, பின்னது மனிதனின் அறிவையே பறிப்பது. காந்தியையும் ஜின்னாவையும் அங்கே அவர் கடுமையாக விமர்சித்ததால் பத்திரிகைகள் அவர்மேல் பாய்ந்தன. அவர் பின்வாங்கவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய நிறைவுரையிலும் அதே எச்சரிக்கையை மீண்டும் தந்தார். சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே வழி என்பது அதன் சாரம்.

அந்த அம்பேத்கரின் சிலைகளுக்கு இன்று மாலை போடுகிறோம். மாலை போடுவதில் தவறில்லை. காலங்காலமாகத் தலைகுனிய வைக்கப்பட்ட மக்களுக்கு அந்தச் சிலை நிமிர்ந்து நிற்கும் தைரியம். மாலை போட்ட கையோடு அவருடைய அந்த இரண்டு உரைகளையும் படித்தால் அவருக்குச் செய்யும் மரியாதை முழுமை பெறும்.

மூவலூர் அம்மையார்

தன் சமூகத்தை விமர்சிப்பது எப்படி என்று கேட்டால் நான் காட்டும் முகம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். இசை வேளாளர் சமூகத்தில் பிறந்து, தேவதாசி வழக்கத்துக்குள்ளேயே வளர்க்கப்பட்டவர். அந்த வழக்கம் பெண்களுக்கு என்ன செய்தது என்பதை உள்ளிருந்து அறிந்தவர். தன் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை வெளியிட்டார். சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டமும், வெளியே இவரைப் போன்றோர் நடத்திய போராட்டமும் சேர்ந்து 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டமாகக் கனிந்தன.

எதிர்க்குரலும் இருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான கலைஞர்கள் சட்டத்தை எதிர்த்தார்கள். எங்கள் கலைக்கும் உரிமைக்கும் என்ன வழி, எங்கள் எல்லோரையும் ஒரே பேரால் இழிவுபடுத்தலாமா என்பது அவர்கள் கவலை. அதுவும் நியாயமான கவலையே. நல்ல விமர்சனம் தனக்கு வரும் எதிர்க்கேள்விக்கும் காது கொடுக்க வேண்டும் என்பதற்காக இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மையார் பெரியாரின் இயக்கத்தில் உறுதியாக நின்றவர். 1938 இந்தி எதிர்ப்பின்போது திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் அவரும் நடந்தார். அப்படிப்பட்டவர் 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்காமல் விலகித் திராவிட முன்னேற்றக் கழகத்துக்குப் போனார். அந்த முடிவு சரியா என்று இன்று எப்படியும் விவாதிக்கலாம். தன் சாதியைக் கேட்ட அதே நெஞ்சுரத்தோடு தன் தலைவரையும் கேட்டார் என்பதே எனக்குப் பெரிது. யார் சொன்னாலும் சொந்தப் புத்தியால் ஆராய்ந்து பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் பெரியார். அவர் வளர்த்த இயக்கத்தில் இந்தக் கேள்வி எழுந்தது அவர் போதனைக்குப் பெருமைதான்.

அம்மையாரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று. அவர் உள்ளே நின்று பேசினார், விலகி நின்று ஏளனம் செய்யவில்லை. பெண்களைப் பழிக்காமல் வழக்கத்தைப் பழித்தார். மாற்று வழி என்ன என்பதையும் சேர்த்தே சொன்னார். இந்த மூன்றும் இல்லாத விமர்சனம் வெறும் எரிச்சலாகவே முடியும்.

படித்தவர்களின் பூசை

ரசிகர் மன்றத்துப் பையனைப் பற்றிப் பேசியதால் நாம் தப்பித்துவிட்டோம் என்று பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் எண்ண வேண்டாம். ஓர் எழுத்தாளரின் படைப்புகளை எடுத்து முந்நூறு பக்கம் புகழ்ந்துவிட்டு, முடிவுரையில் ஒரு குறைகூடச் சொல்லாத முனைவர் பட்ட ஆய்வேடுகள் எத்தனை? நூல் வெளியீட்டு விழாவில் நூலைப் பற்றி ஒரு கேள்வியாவது எழுகிறதா? தன் சாதித் தலைவரின் குருபூசை விளம்பரத்தில் பேராசிரியர் பெயரும் மருத்துவர் பெயரும் வரிசையாக அச்சாகவில்லையா? படித்தவர்களுக்குப் பால்குடம் கிடையாது, அவ்வளவுதான் வேறுபாடு. அந்தப் பையனாவது தன் ஒரு வாரக் கூலியைக் கொடுத்தான். நாம் கொடுப்பது நம் அறிவின் நேர்மையை.

நட்சத்திரங்களுக்கும் பங்கு உண்டு. நடிகர் அஜித் 2011இல் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார், 2021இல் ‘தல’ என்ற பட்டம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கமல்ஹாசன் தம் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றினார், 2024இல் ‘உலகநாயகன்’ என்ற பட்டத்தைத் துறந்தார். வரவேற்க வேண்டிய செயல்கள்தாம். ஆனாலும் பட்டத்தை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது அவர்கள் கையில் இருப்பதுபோல, கொடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. நாயகர் திருந்தினால்தான் நாம் திருந்துவோம் என்று காத்திருந்தால் அதுவும் வழிபாடே.

செய்யக்கூடியவை

மாணவர்களே, நடைமுறைக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, நீங்கள் எந்த மன்றத்தில், எந்த இயக்கத்தில், எந்தச் சங்கத்தில் இருந்தாலும் வரவு செலவைக் கேளுங்கள். பேனருக்கு எவ்வளவு, ரத்ததான முகாமுக்கு எவ்வளவு என்று உறுப்பினர் கூட்டத்தில் கேட்டுக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். வெளியாள் கேட்டால் பகை என்பார்கள். உறுப்பினர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, உங்கள் துறையில் இனி எழுதப்படும் ஆய்வேடுகளில் எடுத்துக்கொண்ட ஆசிரியரின் குறைகளுக்கும் வழுக்களுக்கும் ஓர் இயல் கட்டாயம் இருக்கட்டும். நெறியாளர்கள் அதை வற்புறுத்த வேண்டும். ஆய்வாளருக்குத் துணிவு பிறக்க அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

மூன்றாவது, உங்களுக்கு மிகப் பிடித்த ஒருவரை, நடிகரோ அரசியல் தலைவரோ எழுத்தாளரோ, எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இந்த மண்ணுக்குச் செய்தது என்ன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். செய்யத் தவறியது என்ன என்று இன்னொரு பக்கம் எழுதுங்கள். இரண்டுக்கும் கீழே உங்கள் பெயரைப் போட்டு உங்கள் துறை இதழுக்குக் கொடுங்கள். முகம் காட்டாமல் ஒருவரை வைவது யாருக்கும் கைவரும். தான் நேசிப்பவரைப் பற்றிப் பெயர் போட்டு உண்மை சொல்லத்தான் பழக வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாம் பக்கத்தை எழுதும்போது உங்கள் அன்பு குறைந்துபோனால், அது ஒரு கேள்வியைக்கூடத் தாங்காத அன்பு. எழுதிய பிறகும் அது நிலைத்தால், அந்த அன்பை யாரும் ஓட்டாகவோ டிக்கெட்டாகவோ மாற்றிக்கொண்டு போய்விட முடியாது. அத்தகைய அன்புள்ள குடிமக்களைத்தான் இந்தச் சமூகம் நம்பியிருக்கிறது.